மாடல் சொன்ன சதுர அடியும் மேஸ்திரி சொன்ன சதுர அடியும்

ஒரு சின்ன வீடு கட்ட எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட் வேண்டும் என்று அனுபவமுள்ள கொத்தனாரிடம் கேட்டால், மனையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது கிட்டத்தட்ட சரியாகவும் இருக்கும். ஆனால் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு அந்தக் கணக்கு போதாது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவர், தூண், பீம், ஜன்னலாக அளந்து பட்டியல் போட வேண்டும். கட்டுமானத் துறையில் இதற்கு 'குவான்டிட்டி டேக்-ஆஃப்' என்று பெயர். டெண்டர் போடுவது, சாமான் வாங்குவது, கூலி கொடுப்பது எல்லாமே இந்தப் பட்டியலை நம்பித்தான் நடக்கிறது.

சிவில் படிப்பவர்களுக்கு இது எஸ்டிமேஷன் பாடத்தில் வரும். லாங் வால்-ஷார்ட் வால் முறை, சென்டர் லைன் முறை என்று இரண்டு முறைகளில் கணக்குப் போட்டு, நீளம், அகலம், உயரம் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் தப்பு வந்தால் கடைசி வரை தப்பு. அந்தப் பாடம் பிடிக்கும் என்று சொல்லும் மாணவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

திருச்சியில் சிவில் இறுதியாண்டு படித்த ஒரு மாணவிக்கும் அது பிடிக்காத பாடம்தான். அவளுக்குப் பிடித்தது கணினியில் முப்பரிமாண மாடல் செய்வது. அதனால் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, "மாடலில் இருந்து குவான்டிட்டி எடுத்துக் கொடும்மா" என்று பில்லிங் பிரிவு சீனியர் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். கையால் மூன்று நாள் போடும் கணக்கை மூன்று நிமிடத்தில் போட்டுக் காட்டலாம் அல்லவா?

இந்த ஆசை புதிதல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டிடத்தைக் கோடுகளாக வரைவதற்குப் பதில், அதன் உறுப்புகளைக் கணினியில் பொருட்களாகவே பதிந்து வைத்தால் பிளான், செக்‌ஷன், சாமான் பட்டியல் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கலாம் என்பது அவர் யோசனை. அப்போது அதை எல்லா அலுவலகத்திலும் செய்யுமளவு கணினிகள் இல்லை. 1980-களில் ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேடைக் கொண்டுவந்தது. 2000-ல் ரெவிட் வந்தது, 2002-ல் அதை ஆட்டோடெஸ்க் வாங்கியது. 'பி.ஐ.எம்.' என்ற மூன்றெழுத்து பிரபலமானது அதற்குப் பிறகுதான்.

சாதாரண ஆட்டோகேட் வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். அது சுவர் என்பது பார்ப்பவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பி.ஐ.எம். மாடலில் சுவர் சுவராகவே இருக்கிறது. அதற்கு நீளம், உயரம், தடிமன் உண்டு. அதில் இருக்கும் ஜன்னல், அந்தச் சுவரில் போட்ட ஓட்டையோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். ஆகவே "எல்லாச் சுவர்களின் கன அளவையும் கூட்டு" என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும்.

ஒரு மென்பொருளில் செய்த மாடலை இன்னொன்றில் படிக்க ஐ.எஃப்.சி. என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. 2013-ல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற எண்ணில் அது சர்வதேசத் தரமானது. 2024-ல் அதன் புதிய பதிப்பு வந்தது. வழக்கமான ஐ.எஃப்.சி. கோப்பை நோட்பேடில் திறந்தால்கூட எழுத்தாகத் தெரியும். அதில் சுவருக்கு இரண்டு விதப் பரப்பளவு எழுதிவைக்க இடம் உண்டு. ஜன்னல், கதவு எதையும் கழிக்காதது 'கிராஸ் சைட் ஏரியா'. எல்லாவற்றையும் கழித்தது 'நெட் சைட் ஏரியா'. கோப்பை ஏற்றுமதி செய்பவர் அதற்கான கட்டத்தில் டிக் போடாவிட்டால் இவை கோப்பில் வராமலே போகலாம். இந்த இரண்டு வார்த்தைகளும் பின்னால் வரப்போகின்றன, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி கான்கிரீட்டில் விழுந்தது.

மாணவி எடுத்துக் கொடுத்த கான்கிரீட் அளவைப் பார்த்த சீனியர், கால்குலேட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "ஒரு மாடிக்கு 9 கன மீட்டர் கூட வருதேம்மா" என்றார். அவர் போட்டது தோராயக் கணக்கு. மாடல் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை சொல்கிறது. தப்பு அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடியே அவள் மாடலை வெட்டிப் பார்த்தாள்.

பீமை வரைந்தது ஸ்ட்ரக்சுரல் ஆலோசகர். ஸ்லாபை வரைந்தது ஆர்க்கிடெக்ட். இரண்டும் வெவ்வேறு கோப்புகள். ஒன்றை இன்னொன்றின் மேல் பொருத்திப் பார்க்கத்தான் இணைத்திருந்தார்களே தவிர, ஒன்று இன்னொன்றை வெட்டவில்லை. பீமின் முழு உயரம் 450 மில்லிமீட்டர். அதன் மேல் 125 மில்லிமீட்டர் ஸ்லாபுக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடத்துக் கான்கிரீட் பீமிலும் ஒருமுறை, ஸ்லாபிலும் ஒருமுறை கணக்கில் ஏறியிருந்தது. பீம் அகலம் 230 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.23 × 0.125 = 0.02875 கன மீட்டர் அதிகம். பார்க்க ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் ஒரு மாடியில் 320 மீட்டர் பீம் ஓடுகிறது. 320 × 0.02875 = 9.2 கன மீட்டர். நான்கு மாடிக்கு 36.8. ஒரு ரெடிமிக்ஸ் லாரியில் 6 கன மீட்டர் என்று வைத்தால், இல்லாத இடத்துக்கு ஆறு லாரிக்கும் மேல் கான்கிரீட்!

அதே மாதிரி செங்கல் சுவர்களும். தரையில் இருந்து அடுத்த மாடித் தரை வரை 3 மீட்டருக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். பீமுக்கு அடியில் வரும் சுவரின் நிஜ உயரம் 2.55 மீட்டர்தான். படத்தில் பார்க்க எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் சுவர் பீமுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதற்கு நேரெதிரான பிரச்சினையும் உண்டு. மாடலில் இல்லாதது பட்டியலில் வராது. கம்பியைத் தனியாக வரையாத மாடலில் கம்பி அளவு பூஜ்யம். வரைந்திருந்தாலும் சைட்டில் வெட்டும்போது விழும் துண்டுக் கம்பி அதில் இருக்காது. கான்கிரீட் ஊற்ற அடிக்கும் சென்டரிங் பலகை கட்டிடத்தில் நிற்கப் போவதில்லை, அதனால் அதை யாரும் வரைவதில்லை. ஆனால் அதற்கும் சதுர மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்தபோது மாணவிக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மாடலை ஒழுங்காகச் செய்தால் போதும், எண் தானாகச் சரியாக வந்துவிடும் என்று. இரண்டாவது அடி அந்த நம்பிக்கைக்கு விழுந்தது.

பூச்சு வேலை முடிந்திருந்தது. கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் எடுத்த மேஸ்திரிக்குக் கடைசி பில் போட வேண்டும். அதுவரை போட்ட பில்களை எல்லாம் சைட் இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து போட்டிருந்தார். "கடைசி பில்லை மாடல்ல இருந்தே போட்டுடலாம்" என்று முடிவானது. மாணவி சுவர்களின் 'நெட் சைட் ஏரியா'வை எடுத்தாள். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டால் பெருக்கினாள். ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்தாள். அரை மணி நேரத்தில் பில் தயார்.

வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சிலில் எழுதிய கணக்கு. மறுநாள் சனிக்கிழமை, பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர் சத்தம் போடவில்லை. நோட்டை மேசை மேல் வைத்து, "எங்க குறையுதுன்னு மட்டும் சொல்லும்மா" என்றார்.

இருவரும் ஒரு வீட்டை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டார்கள். சுவர்களின் மொத்த அளவில் தகராறே இல்லை. வித்தியாசம் முழுவதும் ஓட்டைகளில் இருந்தது. மேஸ்திரி ஜன்னலையும் கதவையும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்திருந்தார். மாடல் இரண்டு பக்கமும் கழித்திருந்தது. 24 வீடுகளுக்கும் சேர்த்து வித்தியாசம் 5,859 சதுர அடி. ஒப்பந்த ரேட் சதுர அடிக்கு 22 ரூபாய். மொத்தம் 1,28,898 ரூபாய்.

"அண்ணே, ஜன்னல் இருக்கிற இடத்துல நீங்க பூசலையே? அங்க ஓட்டைதானே இருக்கு?" என்று கேட்டாள் மாணவி. கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"ஓட்டையில பூசலைதாம்மா. ஓட்டையைச் சுத்தி நாலு பக்கமும் யாரு பூசுனா? நேர் சுவத்துல மட்டப்பலகையை வெச்சு இழுத்துக்கிட்டே போயிடலாம். ஜன்னலுக்கு வந்தா ரசமட்டம் வெச்சு ஓரம் பிடிக்கணும். ஒரு ஆளுக்கு அரை நாள் அங்கயே போயிடும்."

மாணவி பதில் சொல்லத் தெரியாமல் சீனியரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய் ஒப்பந்தத் தாளை எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினார். அளவுகள் ஐ.எஸ். 1200 முறைப்படி எடுக்கப்படும் என்று அதில் இருந்தது.

ஐ.எஸ். 1200 என்பது கட்டிட வேலைகளை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரம். மண் வேலை, கான்கிரீட், செங்கல் என்று வேலைக்கு ஒரு பாகம். பூச்சு வேலைக்கு 12-வது பாகம். ஓட்டைகளைப் பற்றி அதில் இருக்கும் விதியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

0.5 சதுர மீட்டர் வரையுள்ள ஓட்டைக்கு எதையும் கழிக்கக் கூடாது. உள்ஓரங்களைத் தனியாகச் சேர்க்கவும் கூடாது.

0.5-க்கு மேல் 3 சதுர மீட்டர் வரை என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். கழிக்காத மறுபக்கம்தான் உள்ஓரங்களுக்கான கணக்கு.

3 சதுர மீட்டருக்கு மேல் என்றால் இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். உள்ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

இதை ஒரு சுவரில் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 230 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் 1.5 × 1.2 அளவில் ஒரு ஜன்னல், அதாவது 1.8 சதுர மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுவர் 24 சதுர மீட்டர். மாடலின் 'நெட்' கணக்குப்படி 24 − 3.6 = 20.4. ஐ.எஸ். 1200-ன்படி 24 − 1.8 = 22.2. கரணை தொட்ட இடம் எவ்வளவு? ஜன்னலின் சுற்றளவு 5.4 மீட்டர். சுவரின் முழுத் தடிமனுக்கும் பூசினால் உள்ஓரம் 5.4 × 0.23 = 1.24. ஆக 20.4 + 1.24 = 21.64.

மூன்று எண்களையும் பாருங்கள். மாடலின் எண் செய்த வேலையைவிடக் குறைவு. விதியின் எண் செய்த வேலையைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் கொஞ்சத்தை, மேஸ்திரி சொன்ன ஓரம் பிடிக்கும் வேலைக்கான கூலி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் டேப் பிடித்துச் சண்டை போட முடியாது என்பதால், இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழியை எழுதி வைத்திருக்கிறார்கள். மாடலுக்கு இந்த உடன்பாடு தெரியாது. அது வடிவத்தை மட்டும்தான் அளக்கிறது.

மாணவி அன்று மாலை வீட்டுக்குப் போகவில்லை. ஐ.எஃப்.சி. கோப்பில் ஒவ்வொரு ஓட்டையும் தனிப் பொருளாக, எந்தச் சுவரில் இருக்கிறது என்ற தொடர்போடு பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்க 'ஐஎஃப்சி ஓப்பன் ஷெல்' என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஓட்டையின் பரப்பைப் பார், மூன்று வகையில் எது என்று முடிவு செய், 'கிராஸ்' அளவில் இருந்து அதற்கேற்பக் கழி. அவ்வளவுதான். நிரல் பெரிய விஷயமில்லை. எதைக் கழிப்பது என்று தெரிந்ததுதான் விஷயம்.

முடிவு இப்படி வந்தது. 1.8 சதுர மீட்டர் ஜன்னல்கள் 120. ஒரு பக்கம்தான் கழிக்க வேண்டும் என்பதால் மாடலின் கணக்கைவிட 216 சதுர மீட்டர் கூடுகிறது. 0.9 × 2.1 அளவுக் கதவுகள் 96. அதில் 181.44. பாத்ரூம் வென்டிலேட்டர்கள் 48. ஒவ்வொன்றும் 0.27 சதுர மீட்டர்தான், கழிக்கவே கூடாது. அதில் 25.92.

கடைசியில் பால்கனி. வீட்டுக்கு ஒன்றாக 24 திறப்புகள், 2.4 × 2.1 அளவு. பரப்பு 5.04 சதுர மீட்டர், 3-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் கழிக்க வேண்டியதுதான். இங்கே மாடல் கழித்தது சரி, மேஸ்திரி ஒரு பக்கம் விட்டது தப்பு. ஆனால் பக்கவாட்டு ஓரங்கள் இரண்டும் மேல் ஓரமும் சேர்க்கப்பட வேண்டும். 6.6 × 0.23 = 1.518. அதை 24-ஆல் பெருக்கினால் 36.43 சதுர மீட்டர். மாடல் இதைச் சேர்க்கவில்லை.

எல்லாம் சேர்ந்து 459.79 சதுர மீட்டர், அதாவது 4,949 சதுர அடி. 22 ரூபாய் வீதம் 1,08,878 ரூபாய். முதலில் போட்ட பில்லில் இவ்வளவு பணம் விட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை காலை மேஸ்திரியிடம் திருத்திய பில்லைக் காட்டும்போது மாணவிக்குப் பெரிய தயக்கம். அவர் கேட்டதில் இன்னும் 20,020 ரூபாய் குறைகிறது. பால்கனிக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய ஓட்டைன்னா ரெண்டு பக்கமும் போகும். சரிதான். பழக்கத்துல போட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, "ஓரம் அளந்து சேத்தியே, அது போதும்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பணம் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டிடம் விழுந்திருக்காது. நிறுவனத்தின் லாபம் கொஞ்சம் கூடியிருக்கும். பதினோரு பேரின் சம்பளத்தில் ஒரு பகுதி, யாரும் திருடாமலே காணாமல் போயிருக்கும். கேட்டால் "கம்ப்யூட்டர் சொல்லுது" என்று பதில் வந்திருக்கும். டேப் பிடித்து அளந்த இன்ஜினியரோடு மேஸ்திரி வாதாடலாம், "இங்க பிடிங்க சார்" என்று காட்டலாம். எக்செல் தாளில் அச்சாகி வந்த மூன்று தசம எண்ணோடு அவர் எப்படி வாதாடுவார்? அவர் நாற்பது பக்க நோட்டோடு வந்ததும், அதைத் திறந்து பார்க்க ஒரு ஆள் உட்கார்ந்ததும்தான் வித்தியாசம்.

இதனால் மாடலில் இருந்து அளவு எடுப்பது தப்பு என்று ஆகிவிடாது. 24 வீடுகளின் அத்தனை ஓட்டைகளையும் மூன்று வகையாகப் பிரித்துக் கழிப்பதைக் கையால் செய்தால் ஒருவருக்கு நாள் கணக்கில் ஆகும், நடுவில் எங்காவது ஒரு வென்டிலேட்டர் விட்டும் போகும். கணினி அதை ஒரு நொடியில் செய்தது. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு செய்தது.

பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய மாணவி, இப்போது யாராவது மாடலில் இருந்து எடுத்த அளவைக் காட்டினால் மூன்று கேள்வி கேட்கிறாளாம். ஒரே இடம் இரண்டு பொருளில் எண்ணப்பட்டிருக்கிறதா? மாடலில் வரையாமல் விட்ட வேலை எது? எந்த அளவு முறைப்படி கழித்தது? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை என்கிறாள்.

எஸ்டிமேஷன் புத்தகத்தில் 'கழிவுகள்' பற்றிய பாடம் அரைப் பக்கம் இருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பகுதி. இந்த முறை படிக்கும்போது அந்த 0.5, 3 என்ற எண்களுக்குப் பக்கத்தில் ரசமட்டம் வைத்து ஜன்னல் ஓரம் பிடிக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். மறக்காது.